பேரண்ட் கன்ஸ்ட்ரக்டரை யார் கூப்பிடுவது? பிஎச்பியில் கிளாஸ் எழுதத் தொடங்குபவர்களுக்கு

வலைத்தளங்களுக்கான நிரல் மொழியான பிஎச்பியில் ஃபங்ஷன் எழுதத் தெரிந்தவருக்கு, தகவலையும் அதன்மீது வேலை செய்யும் ஃபங்ஷன்களையும் (மெத்தட்களையும்) ஒன்றாகக் கட்டும் கிளாஸை எழுதுவது பெரிய தாவல் இல்லை. சிக்கல் வருவது அடுத்த படியில். ஒரு கிளாஸை இன்னொரு கிளாஸ் எக்ஸ்டெண்ட் செய்கிறது (அதன் உறுப்புகளைப் பெற்றுக்கொண்டு நீட்டிக்கிறது), இரண்டிலும் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடும் மெத்தட், இருக்கிறது. நீட்டிக்கும் கிளாஸிலிருந்து ஓர் ஆப்ஜெக்ட் உருவாகும்போது எது ஓடும்? இரண்டும் ஓடுமா, ஒன்றுதானா, எது முதலில்? இதற்குப் பதில் மொழிக்கு மொழி மாறுகிறது. அதனால்தான் ஜாவா படித்துவிட்டு பிஎச்பிக்கு வருபவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். இந்தக் கட்டுரை பிஎச்பியை வைத்து அந்த ஒரு கேள்வியைத் தெளிவாக்கப் பார்க்கிறது.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கீழே உள்ள நிரல் வரிகளில் கீவேர்டுகளையும், '__கன்ஸ்ட்ரக்ட்', 'ட்ரிம்' போல பிஎச்பியே வைத்திருக்கும் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ஆனால் நாமே வைக்கும் கிளாஸ் பெயர், வேரியபிள் பெயர், மெத்தட் பெயர் எல்லாம் தமிழிலேயே இருக்கலாம். பிஎச்பி அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு ஓடும்.

நாம் எழுதப்போவது ஒரு கடையின் வலைத்தளம் வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிவிப்புகளை. 'உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது' என்ற வகைச் செய்தி. அது சிலருக்கு மின்னஞ்சலாகப் போகும், சிலருக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும்.

கன்ஸ்ட்ரக்டர் எதற்கு?

முதலில் கன்ஸ்ட்ரக்டரே இல்லாமல் யோசித்துப் பாருங்கள். 'அறிவிப்பு' என்று ஒரு கிளாஸ், அதில் பெறுநர், செய்தி என்று இரண்டு ப்ராப்பர்ட்டி (ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் வேரியபிள்). ஆப்ஜெக்டை உருவாக்கிவிட்டு, அடுத்த வரியில் பெறுநரை வைக்கிறீர்கள், அதற்கடுத்த வரியில் செய்தியை வைக்கிறீர்கள், அப்புறம் அனுப்புகிறீர்கள். ஓடும். ஆனால் இந்த நான்கு வரிகளும் தளத்தில் பத்து இடங்களில் வரும்போது ஏதோ ஓர் இடத்தில் பெறுநரை வைக்கும் வரி விட்டுப்போகும். அந்த இடத்தில் உங்கள் கையில் இருப்பது பாதி ஆப்ஜெக்ட். பெயர் மட்டும் அறிவிப்பு, போய்ச் சேர முகவரி இல்லை.

கன்ஸ்ட்ரக்டரின் வேலை இந்தப் பாதி ஆப்ஜெக்ட்டை உருவாகவே விடாமல் செய்வது. 'நியூ' என்று எழுதியதும் பிஎச்பி ஆப்ஜெக்டுக்கு இடம் ஒதுக்கி, உடனே அந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுகிறது. தேவையானதை எல்லாம் அங்கேயே கேட்டு வாங்கிவிடலாம்:

கிளாஸ் அறிவிப்பு
{
    ப்ரொடெக்டெட் ஸ்ட்ரிங் $பெறுநர்;
    ப்ரொடெக்டெட் ஸ்ட்ரிங் $செய்தி;

    பப்ளிக் ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்(ஸ்ட்ரிங் $பெறுநர், ஸ்ட்ரிங் $செய்தி)
    {
        இஃப் (ட்ரிம்($செய்தி) === '') {
            த்ரோ நியூ இன்வேலிட்ஆர்க்யுமெண்ட்எக்ஸெப்ஷன்('செய்தி காலி');
        }
        $திஸ்->பெறுநர் = $பெறுநர்;
        $திஸ்->செய்தி = $செய்தி;
    }
}

இப்போது பெறுநரைத் தராமல் யாராலும் அறிவிப்பு ஆப்ஜெக்டை உருவாக்க முடியாது. உருவாக்கும் வரியிலேயே எரர் விழும். செய்தி காலியாக இருந்தால் எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை இடைமறிக்கும் பிழைச் சமிக்ஞை) கிளம்பும், ஆப்ஜெக்ட் யார் கைக்கும் போய்ச் சேராது. பின்னால் இந்த ஆப்ஜெக்டைப் பயன்படுத்தும் எந்த மெத்தடும் 'பெறுநர் இருக்கிறாரா, செய்தி இருக்கிறதா' என்று மறுபடி மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. கிளாஸ் எழுதுவதன் பெரிய ஆதாயமே இதுதான் என்பது என் எண்ணம். ப்ராப்பர்ட்டிகளை ஒன்றாகக் கட்டிவைப்பது அதற்கு அடுத்ததுதான்.

மெத்தட் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு இருப்பதைக் கவனியுங்கள். பிஎச்பி தானாகக் கூப்பிடும் மெத்தட்களுக்கு அதுதான் அடையாளம். ஒரே அடிக்கோடு போட்டால் அது வெறும் சாதாரண மெத்தட். எரர் எதுவும் வராது, ஆனால் கன்ஸ்ட்ரக்டர் ஓடியிருக்காது. கன்ஸ்ட்ரக்டரே இல்லாத கிளாஸுக்கு 'நியூ' போடும்போது அடைப்புக்குறிக்குள் நீங்கள் தரும் மதிப்புகளை பிஎச்பி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்பதால், இந்தத் தவறு அங்கேயே பிடிபடாது.

இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களைப் படிப்பவர்களுக்கு இதேபோன்ற இன்னொரு பள்ளம் இருக்கிறது. பிஎச்பி 4 காலத்தில் கிளாஸின் பெயரையே மெத்தடுக்கும் வைத்தால் அதுதான் கன்ஸ்ட்ரக்டர். 2004இல் வந்த பிஎச்பி 5 இரட்டை அடிக்கோட்டு முறையைக் கொண்டுவந்தது. பழைய முறையும் கூடவே பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தது. 2015இல் பிஎச்பி 7 அதைக் கைவிடச் சொல்லி எச்சரித்தது, 2020இல் பிஎச்பி 8 அடியோடு நிறுத்திவிட்டது. இன்றைய பிஎச்பியில் கிளாஸ் பெயரில் மெத்தட் எழுதினால் அது சாதாரண மெத்தட் மட்டுமே. பாடத்தில் அப்படி எழுதியிருந்தால் அந்தப் பாடத்தை மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

அதே பிஎச்பி 8 ஒரு நல்ல சுருக்கமும் தந்தது. மேலே பெறுநர் என்ற பெயரை நான்கு முறை எழுதியிருக்கிறோம். கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குறிக்குள்ளேயே 'ப்ரொடெக்டெட் ஸ்ட்ரிங் $பெறுநர்' என்று எழுதிவிட்டால் ப்ராப்பர்ட்டியை அறிவிப்பதும் மதிப்பு வைப்பதும் தானாக நடந்துவிடும். கன்ஸ்ட்ரக்டர் ப்ரமோஷன் என்று இதற்குப் பெயர். முதல் சில வாரங்கள் நீட்டி எழுதிப் பழகுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கை அறிந்தபின் சுருக்கிக்கொள்ளலாம்.

எக்ஸ்டெண்ட் செய்வது

எஸ்எம்எஸ்ஸுக்கு வருவோம். அதுவும் ஓர் அறிவிப்புதான். பெறுநர் உண்டு, செய்தி உண்டு. கூடவே ஒன்று வேண்டும். இந்தியாவில் நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் வாசக அமைப்பை டெலிகாம் நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். இது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளிலிருந்து வந்த ஏற்பாடு. பதிவானதும் ஒரு டெம்ப்ளேட் எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் செய்தி போகாது. ஆக எஸ்எம்எஸ் என்பது அறிவிப்பு, அதோடு டெம்ப்ளேட் எண்.

'கிளாஸ் எஸ்எம்எஸ் எக்ஸ்டெண்ட்ஸ் அறிவிப்பு' என்று எழுதினால் அறிவிப்பில் உள்ள பப்ளிக் (எங்கிருந்தும் தொடலாம்), ப்ரொடெக்டெட் (இந்தக் குடும்பத்துக்குள் மட்டும் தொடலாம்) உறுப்புகள் எல்லாம் எஸ்எம்எஸ்ஸுக்கும் கிடைத்துவிடும். அறிவிப்பு பேரண்ட் கிளாஸ், எஸ்எம்எஸ் சைல்டு கிளாஸ். ப்ரைவேட் என்று எழுதியவற்றை மட்டும் சைல்டால் தொட முடியாது. பேரண்டில் பெறுநரை ப்ரைவேட் என்று வைத்துவிட்டு, சைல்டில் '$திஸ்->பெறுநர்' என்று மதிப்பு வைத்தால் என்ன ஆகும்? பேரண்டின் ப்ராப்பர்ட்டி தொடப்படாமல் அப்படியே இருக்க, அதே பெயரில் இன்னொரு ப்ராப்பர்ட்டி புதிதாக முளைக்கும். பிஎச்பி 8.2 முதல் இப்படி முளைப்பதற்கு எச்சரிக்கை வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அதுவும் வராது. எச்சரிக்கைகளை மறைத்துவைக்காமல் ஓட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

சைல்டு கிளாஸ் பேரண்டின் மெத்தடை மாற்றியும் எழுதலாம். இதை ஓவர்ரைடு என்பார்கள். எஸ்எம்எஸ்ஸில் அதற்கு நல்ல தேவை இருக்கிறது. ஒரு செய்தி எத்தனை துண்டாகப் போகும் என்று சொல்லும் 'பகுதிகள்' என்ற மெத்தட் அறிவிப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே அது எப்போதும் 1 என்றே சொல்லும், மின்னஞ்சலுக்கு அது போதும். எஸ்எம்எஸ்ஸில் கதை வேறு. ஆங்கிலச் செய்தி என்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள் போகும். தமிழ் வந்துவிட்டால் யூனிகோடு முறைக்கு மாறி 70தான் போகும். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே. கட்டணமும் துண்டுக்கு இவ்வளவு என்றுதான். ஆகவே சைல்டு கிளாஸில் பகுதிகள் மெத்தடை மாற்றி எழுத வேண்டும்: நீளம் 70க்குள் என்றால் 1, மீறினால் நீளத்தை 67ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கு.

அந்த நீளத்தை எப்படி எண்ணுவது என்பதிலும் தமிழில் எழுதுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'வணக்கம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளைத் தனியாக எண்ணும் யூனிகோடு கணக்கில் அது 7. யுடிஎஃப்-8 பைட் கணக்கில் 21. பிஎச்பியின் சாதாரண 'எஸ்டிஆர்லென்' பைட்டை எண்ணி 21 என்று சொல்லும், 'எம்பி' என்ற முன்னொட்டுள்ள 'எம்பி அடிக்கோடு எஸ்டிஆர்லென்' 7 என்று சொல்லும். நமக்கு வேண்டியது 7. இமோஜி வந்தால் எஸ்எம்எஸ் கணக்கில் அது இரண்டாகும், அதை இங்கே விட்டுவிடுவோம்.

இப்படி மாற்றி எழுதியபின், கையில் இருப்பது மின்னஞ்சலா எஸ்எம்எஸ்ஸா என்று தெரியாமலே '$அறிவிப்பு->பகுதிகள்()' என்று கேட்கலாம். ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் கிளாஸுக்குரிய பதிலைச் சொல்லும். இடையில் ஓர் 'இஃப்' கூடத் தேவைப்படாது.

இரண்டு கன்ஸ்ட்ரக்டர்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். எஸ்எம்எஸ் கிளாஸில் கன்ஸ்ட்ரக்டரே எழுதாவிட்டால் பேரண்டின் கன்ஸ்ட்ரக்டர் மற்ற மெத்தட்களைப் போலவே சைல்டுக்கும் வந்துவிடும். 'நியூ எஸ்எம்எஸ்' என்றால் அறிவிப்பின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும். இதில் குழப்பம் இல்லை.

ஆனால் நமக்கு டெம்ப்ளேட் எண் வேண்டும். அதனால் எஸ்எம்எஸ்ஸுக்குத் தனி கன்ஸ்ட்ரக்டர் எழுதுகிறோம். எழுதிய கணத்தில் பேரண்டின் கன்ஸ்ட்ரக்டர் ஓவர்ரைடு ஆகிவிடுகிறது. பிஎச்பி அதைத் தானாகக் கூப்பிடாது. நீங்கள்தான் கூப்பிட வேண்டும்:

கிளாஸ் எஸ்எம்எஸ் எக்ஸ்டெண்ட்ஸ் அறிவிப்பு
{
    ப்ரைவேட் ஸ்ட்ரிங் $டெம்ப்ளேட்எண்;

    பப்ளிக் ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்(ஸ்ட்ரிங் $பெறுநர், ஸ்ட்ரிங் $செய்தி, ஸ்ட்ரிங் $டெம்ப்ளேட்எண்)
    {
        பேரண்ட்::__கன்ஸ்ட்ரக்ட்($பெறுநர், $செய்தி);
        $திஸ்->டெம்ப்ளேட்எண் = $டெம்ப்ளேட்எண்;
    }
}

'பேரண்ட்' என்று தொடங்கும் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்று புதிதாகக் கற்பவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். ஆப்ஜெக்ட் எந்தப் புகாரும் இல்லாமல் உருவாகும். டெம்ப்ளேட் எண் சரியாக இருக்கும். காலிச் செய்தியைத் தந்தாலும் வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் அதைச் சோதிக்கும் வரி பேரண்டில் இருக்கிறது, அது ஓடவே இல்லை. பிறகு எப்போதோ, வேறு ஏதோ ஃபைலில், அனுப்பும் மெத்தட் '$திஸ்->பெறுநர்' என்று கேட்கும்போதுதான் 'மதிப்பு வைக்கும் முன்பே இந்த ப்ராப்பர்ட்டியைத் தொடக்கூடாது' என்ற பொருளில் எரர் வரும். தவறு நடந்த இடம் ஒன்று, எரர் காட்டும் வரி வேறொன்று. பிழை தேடுவதில் மிகவும் நேரம் தின்னும் வகை இது.

எரராவது வருகிறதே என்று இங்கே கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். அது வருவதே ப்ராப்பர்ட்டிக்கு 'ஸ்ட்ரிங்' என்று வகை எழுதியதால்தான். இந்த வசதி 2019இல் பிஎச்பி 7.4உடன் வந்தது. வகை எழுதாத பழைய நிரலில் பெறுநரின் மதிப்பு 'நல்' (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) என்றிருக்கும். அப்படியே வெற்று எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பக் கிளம்பிவிடும்.

இதே தவறு மிகச் சாதாரணமாக நடக்கும் இன்னோர் இடம் எக்ஸெப்ஷன். சொந்தமாக ஓர் எக்ஸெப்ஷன் கிளாஸை எழுதி, ஆர்டர் எண்ணை வாங்க ஒரு கன்ஸ்ட்ரக்டர் வைத்து, பேரண்டைக் கூப்பிட மறந்துவிட்டால், அந்த எக்ஸெப்ஷனைப் பிடிக்கும்போது, பிழை வாசகத்தைத் தரும் 'கெட்மெசேஜ்' மெத்தட் வெற்று வாசகத்தையே தரும். ஏனென்றால் அந்த வாசகத்தை உள்ளே வைப்பது பேரண்டின் கன்ஸ்ட்ரக்டர். லாகில், அதாவது நிரலின் பதிவேட்டில், என்ன பிழை என்று பார்க்கப் போனால் நேரம் இருக்கும், ஃபைல் பெயர் இருக்கும், காரணம் மட்டும் இருக்காது.

மற்ற மொழிகள் இதை வேறு விதமாகக் கையாள்கின்றன, ஒப்பிட்டுப் பார்த்தால் பிஎச்பியின் போக்கு மனதில் நிற்கும். கிளாஸையும் சப்கிளாஸையும் முதலில் கொண்டுவந்த மொழி சிமுலா 67, நார்வேயின் ஓஸ்லோவில் ஓலே-யோகன் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கியது. அதில் சப்கிளாஸ் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கினால் பேரண்டின் வரிகள் தானாகவே முதலில் ஓடிவிடும். ஜாவாவில் நீங்கள் எழுதாவிட்டால், ஆர்க்யுமெண்ட் இல்லாத பேரண்ட் கன்ஸ்ட்ரக்டரைக் கம்பைலரே கூப்பிடும், அப்படி ஒன்று இல்லையென்றால் கம்பைல் ஆகாது. ஜாவாஸ்கிரிப்டில் 2015இல் கிளாஸ் வந்தபோது கண்டிப்பான விதியோடு வந்தது. சைல்டின் கன்ஸ்ட்ரக்டரில் 'சூப்பர்' கூப்பிடும் முன் 'திஸ்' என்று தொட்டாலே ரெஃபரன்ஸ் எரர். பைத்தான் பிஎச்பியைப் போலத்தான், மறந்தால் மறந்ததுதான். என்னைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்டின் கண்டிப்பே கற்பவருக்கு நல்லது. பிஎச்பியில் அந்தக் கண்டிப்பை நாமேதான் கடைப்பிடிக்க வேண்டும்.

பேரண்டை எப்போது கூப்பிடுவது? முதல் வரியில் கூப்பிடுங்கள். பிஎச்பி அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. அனுப்பும் முன் எண்ணில் உள்ள இடைவெளிகளை நீக்குவது போன்ற சின்னத் தயாரிப்பு வேலை இருந்தால் அதை முடித்துவிட்டும் கூப்பிடலாம். ஆனால் பேரண்டின் ப்ராப்பர்ட்டியைத் தொடும் எந்த வரியும் அதற்கு முன்னால் வரக்கூடாது.

இதில் நுணுக்கமான ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அறிவிப்பின் கன்ஸ்ட்ரக்டர் தன் கடைசி வரியில் '$திஸ்->சரிபார்()' என்று ஒரு மெத்தடைக் கூப்பிடுகிறது என்று வையுங்கள். எஸ்எம்எஸ் கிளாஸ் அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து டெம்ப்ளேட் எண்ணைச் சோதிக்கிறது. 'நியூ எஸ்எம்எஸ்' போட்டதும் சைல்டின் கன்ஸ்ட்ரக்டர் பேரண்டைக் கூப்பிடும். பேரண்ட் சரிபார் மெத்தடைக் கூப்பிடும். ஆப்ஜெக்ட் எஸ்எம்எஸ் என்பதால் ஓடுவது சைல்டின் சரிபார். அது டெம்ப்ளேட் எண்ணைத் தேடும்போது அந்த மதிப்பு இன்னும் வைக்கப்படவில்லை. அதை வைக்கும் வரி பேரண்டின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்து திரும்பிய பிறகுதான் வருகிறது! எரர். டெம்ப்ளேட் எண்ணைக் கன்ஸ்ட்ரக்டர் ப்ரமோஷன் முறையில் எழுதியிருந்தால் இது நடக்காது, ஏனென்றால் அப்போது மதிப்பு வைப்பது உடலின் முதல் வரிக்கும் முன்னால் நடந்துவிடும். ஆனால் அந்த வரிசையை நம்பி நிரல் எழுதுவது நல்லதல்ல. ஓவர்ரைடு ஆகக்கூடிய மெத்தட்களைக் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து கூப்பிடாதீர்கள். அல்லது அந்த மெத்தடுக்கு 'ஃபைனல்' என்று முத்திரை போட்டுவிடுங்கள், சைல்டால் மாற்ற முடியாது.

சாதாரண மெத்தடை ஓவர்ரைடு செய்யும்போது பேரண்டில் உள்ள பாரமீட்டர்களோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் பிஎச்பி 8 ஓடவே விடாது. கன்ஸ்ட்ரக்டருக்கு மட்டும் இந்த விதி கிடையாது. அதனால்தான் எஸ்எம்எஸ்ஸுக்கு மூன்றாவது பாரமீட்டரைச் சேர்க்க முடிந்தது. இந்தச் சுதந்திரத்தைச் சொந்தக் கிளாஸ்களில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஃபிரேம்வொர்க் (தளம் கட்டுவதற்கான ஆயத்த நிரல் தொகுப்பு) தரும் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யும்போது அடக்கி வாசியுங்கள். லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கின் மாடல் கிளாஸ், டேட்டாபேஸிலிருந்து வரிசைகளை எடுக்கும்போது உங்கள் கிளாஸின் ஆப்ஜெக்டுகளைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. அதற்குத் தெரிந்தது தன் கன்ஸ்ட்ரக்டரின் வடிவம் மட்டும்தான். நீங்கள் கட்டாயப் பாரமீட்டர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அது உடைந்துபோகும். வேர்ட்பிரஸின் விட்ஜெட் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்பவர்கள் பேரண்டின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டு விட்ஜெட்டின் அடையாளத்தையும் பெயரையும் தந்தே ஆக வேண்டும்.

எப்போது எக்ஸ்டெண்ட் செய்யக்கூடாது

இப்படி எக்ஸ்டெண்ட் செய்யும் முறைக்கு இன்ஹெரிட்டன்ஸ் என்று பெயர். அதைக் கற்ற புதிதில் எல்லாவற்றையும் எக்ஸ்டெண்ட் செய்யத் தோன்றும். அறிவிப்பு கிளாஸுக்கு லாக் எழுதத் தெரிய வேண்டும், லாகர் என்று ஒரு கிளாஸ் ஏற்கெனவே இருக்கிறது, சரி, 'அறிவிப்பு எக்ஸ்டெண்ட்ஸ் லாகர்' என்று போட்டுவிடலாமே என்று கை போகும். போடுவதற்கு முன் வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். 'எஸ்எம்எஸ் ஓர் அறிவிப்பு' சரியாக இருக்கிறது. 'அறிவிப்பு ஒரு லாகர்' இல்லை. பிஎச்பியில் ஒரு கிளாஸுக்கு ஒரே பேரண்ட்தான். அதைத் தேவையில்லாத இடத்தில் செலவழித்துவிட்டால் பின்னால் உண்மையான பேரண்டுக்கு இடம் இருக்காது. லாகரின் பப்ளிக் மெத்தட்கள் எல்லாம் அறிவிப்பின் மெத்தட்களாகவும் வெளியே தெரியும்.

அப்போது என்ன செய்வது? கன்ஸ்ட்ரக்டரிலேயே விடை இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸை அனுப்பும் வேலைக்கு 'அனுப்புநர்' என்று தனி கிளாஸ் எழுதுங்கள். அதற்கு எஸ்எம்எஸ் கேட்வேயும் (செய்தியை வெளியே அனுப்பித்தரும் சேவை) லாகரும் தேவை என்றால் அவற்றைக் கன்ஸ்ட்ரக்டரில் ஆர்க்யுமெண்டாகக் கேட்டு வாங்குங்கள்:

கிளாஸ் அனுப்புநர்
{
    பப்ளிக் ஃபங்ஷன் __கன்ஸ்ட்ரக்ட்(
        ப்ரைவேட் கேட்வே $கேட்வே,
        ப்ரைவேட் லாகர் $லாகர்,
    ) {}
}

உடலே காலி. இதற்குள் நெட்வொர்க் இணைப்பைத் திறப்பது, டேட்டாபேஸைத் தொடுவது, செய்தியை அனுப்பிவிடுவது எதுவும் வேண்டாம். அனுப்புவதற்கு 'அனுப்பு' என்று ஒரு மெத்தட் இருக்கட்டும், அது அறிவிப்பு வகை ஆப்ஜெக்டை வாங்கிக்கொள்ளட்டும். அறிவிப்பை எக்ஸ்டெண்ட் செய்த எந்தக் கிளாஸையும் அதற்குத் தரலாம். டெஸ்ட் எழுதும்போது உண்மையான கேட்வேக்குப் பதிலாக, எதையும் அனுப்பாமல் வந்த செய்திகளைப் பட்டியலில் சேர்த்துவைக்கும் போலி கேட்வே ஒன்றை அதே கன்ஸ்ட்ரக்டருக்குத் தந்துவிடலாம். டெஸ்டை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு போகாது.